கண்ணாடிக் குமிழை மாற்றினால் குரல் மாறுமா?

1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தபோதே, அதுவரை ரேடியோவிலும் டெலிபோனிலும் அப்போதுதான் தலைகாட்டிய கணிப்பொறியிலும் ஏகபோகமாக ஆட்சி செலுத்தி வந்த வெற்றிடக் குழாயின், அதாவது நம் வீடுகளில் வால்வு என்று பெயர் பெற்றிருந்த கண்ணாடிக் குமிழின், ஆயுளுக்கு எல்லை குறிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், உலகம் கைவிட்ட அந்தக் குமிழைக் கைவிட மனமில்லாத சங்கீத ரசிகர் கூட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மேஜைமேல் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, தமக்குப் பழக்கமான இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, பின்பு ஒரு வால்வைப் பிடுங்கி வேறொரு தொழிற்சாலையில் வேறொரு காலத்தில் பிறந்த வால்வை அதன் இடத்தில் செருகி, அதே தட்டை மீண்டும் கேட்டு, குரல் கனத்ததா, தம்புராவின் நாதம் விரிந்ததா என்று ஆராய்வதில் இவர்களுக்கு அலாதியான ஆனந்தம். டியூப் ரோலிங் என்று தங்களுக்குள் இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பிரமையாகத் தோன்றலாம். முழுவதும் பிரமை அன்று, முழுவதும் சத்தியமும் அன்று என்பதே என் அபிப்பிராயம்.

குமிழுக்குள் நடக்கும் காரியம் மிகவும் எளிமையானது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக்குள்ளே, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்ஸைடு பூசிய கத்தோட் என்னும் சிறு உலோகக் குழல், தன்னுள் செந்தணலாய்க் கனலும் ஹீட்டரின் உஷ்ணத்தால் எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றிலும் நேர்மின் அழுத்தத்தோடு நிற்கும் பிளேட் அவற்றைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஃபிளெமிங் 1904-இல் செய்தது இந்த இரண்டு உறுப்புகளோடு நின்றது. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கரான லீ டி ஃபாரெஸ்ட் இடையே மூன்றாவதாக ஒரு கம்பிப் பின்னலை வைத்தார். கிரிட் எனப்படும் அந்தப் பின்னல், வாய்க்காலின் மடைப்பலகையைப் போல, தன் மின்னழுத்தம் அணுவளவு மாறினாலும் பெருவெள்ளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதாயிற்று. பலவீனமான ஒரு ஒலியலை கிரிட்டைத் தொட்டால், அதன் பெரிய பிரதி பிளேட்டில் கிடைக்கிறது. எத்தனை மடங்கு பெரிய பிரதி என்பது பின்னலின் நெருக்கத்தையும் உறுப்புகளின் இடைவெளியையும் பொறுத்தது. 12ஏஎக்ஸ்7 என்ற வால்வின் பெருக்க எண் 100. அதே உருவமும் அதே ஒன்பது ஊசிகளும் கொண்ட 12ஏயு7-க்கு ஏறத்தாழ 17 முதல் 20 வரை. 6080 என்ற பெரிய குமிழுக்கோ வெறும் 2.

இரண்டே மடங்கு பெருக்குகிற வால்வினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காண, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாட்டில்ஹெட் என்னும் சிறு ஸ்தாபனம் கிராக் என்ற பெயரில், வாங்குபவரே உட்கார்ந்து சால்டரிங் செய்து சேர்த்துக்கொள்ளும்படி உதிரிகளாக விற்றுப் பிரசித்தமாக்கிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். அதில் வால்வுகள் இரண்டே. முன்னால் நிற்கும் 12ஏயு7 ஒலியைப் பெருக்குகிறது. பின்னால் நிற்கும் 6080, பெருக்கிய ஒலிக்கு ஹெட்போனை இயக்கும் தெம்பைத் தருகிறது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும், டிரையோடு எனப்படும் கத்தோட், கிரிட், பிளேட் சேர்ந்த அமைப்புகள் இரண்டு ஜோடியாக அமைந்திருப்பதால், ஒன்று இடக்காதுக்கும் மற்றது வலக்காதுக்கும் ஊழியம் செய்கின்றன. 6080 சங்கீதத்துக்காகச் சிருஷ்டிக்கப்பட்டதே அன்று. அளவு கருவிகளிலும் ராணுவ உபகரணங்களிலும் மின்னழுத்தத்தை நிலையாக நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட பாரவண்டி மாடு அது. ஆனால் சாதாரண வால்வுகளின் உள்தடை ஆயிரக்கணக்கான ஓம் அளவில் இருக்க, இதன் உள்தடை ஏறத்தாழ 280 ஓம் மட்டுமே. ஆதலால் மற்றப் பெரும்பாலான வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இன்றியமையாததும், விலை மிகுந்ததுமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே, ஒரு கண்டென்சர் வழியாக ஹெட்போனை நேரே இயக்க இதனால் முடிகிறது.

இங்கேதான், வால்வின் குரல் என்று பலரும் பரவசத்தோடு வர்ணிக்கும் விஷயத்தில் பாதியளவு ஒளிந்திருக்கிறது. கிராக் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுத் தடை சுமார் 120 ஓம். இதில் 300 ஓம் கொண்ட ஸென்ஹைஸர் எச்டி650 ஹெட்போனை மாட்டினால், பிறக்கும் மின்னழுத்தத்தில் 420-இல் 300 பங்கு, அதாவது நூற்றுக்கு 71 பங்கு ஹெட்போனைச் சேர்கிறது. ஆனால் எந்த ஹெட்போனின் தடையும் எல்லா ஸ்வரங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை; எச்டி650-இன் தடை, தாழ்ந்த ஒலிகளில், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில், 500 ஓம் வரை ஏறிவிடுகிறது. அந்த இடத்தில் 620-இல் 500 பங்கு, அதாவது நூற்றுக்கு 81 பங்கு சேர்கிறது. விளைவு, மிருதங்கத்தின் தொப்பியும் ஆண் குரலின் கீழ்ப்பகுதியும் ஏறத்தாழ 1 டெசிபெல் தூக்கலாகக் கேட்கின்றன. வால்வின் கதகதப்பு என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, இந்தப் பள்ளிக்கூடக் கணக்கேயன்றி வேறில்லை. அதே ஆம்ப்ளிஃபையரில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் நூற்றுக்கு 21 பங்குதான் போய்ச் சேரும். எந்த அபூர்வ வால்வைச் செருகினாலும் அந்தக் குறை முழுவதும் தீராது.

மற்றொரு பகுதி, டிரையோடின் இயற்கையான பிழையில் இருக்கிறது. அது அலையைச் சற்றே கோணலாக்கும்போது பெரும்பாலும் இரண்டாம் மடங்கு அதிர்வைத்தான் சேர்க்கிறது. மூல ஸ்வரம் ஷட்ஜமானால், சேர்வது மேல் ஸ்தாயி ஷட்ஜம். சுருதியோடு இசைந்த பிழை ஆகையால் காது அதைப் பிழையென்று உணராமல், நாதம் செறிந்திருப்பதாகக் கொண்டாடுகிறது. இப்படிக் கொண்டாடுவதில் தவறு ஒன்றும் இல்லை.

இனி, மாற்றுவதற்கு எவை உள்ளன என்பதைப் பார்ப்போம். 12ஏயு7-ஐ ஐரோப்பியர் ஈசிசி82 என்றனர். அமெரிக்காவில் கடினமான உழைப்புக்கென்று செய்த 5814ஏ-யும், கணிப்பொறிகளுக்கென்று செய்த 5963-உம் அதன் நெருங்கிய பந்துக்கள். 6080-க்கு மாற்றாக 6ஏஎஸ்7ஜி என்ற பருத்த குமிழும், சோவியத் ரஷ்யாவின் 6என்13எஸ்-உம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, டங்-ஸால் என்ற கம்பெனி செய்த 5998 என்ற வால்வை ரசிகர்கள் தேடித் திரிகிறார்கள். அதைச் செருகியதும் திரை விலகியதுபோல் இருக்கிறது என்பது அவர்கள் வாக்கு. அந்த வாக்கை நான் மறுக்கமாட்டேன். காரணத்தை மட்டும் கூறுவேன். 5998-இன் பெருக்க எண் 2 அன்று, 5-க்கும் மேல். கிராக்கில் பின்வால்வின் ஒலி பிளேட்டிலிருந்து அன்றி, பெருக்கமின்றிக் கத்தோட் வழியே வெளியேறுகிறது; அந்த ஒலியில் 6080 மூன்றில் இரண்டு பங்கைக் கடத்துமானால், 5998 ஆறில் ஐந்து பங்கைக் கடத்துகிறது. கணக்கின்படி இது ஏறத்தாழ 2 டெசிபெல் உயர்வு. வெளியீட்டுத் தடையும் கணிசமாக இறங்குகிறது. ஆக, அது உண்மையிலேயே வேறு ஒலி. ஆனால் அந்த வேற்றுமையில் பெரும்பங்கு, சற்று உரத்த ஒலி என்பதே. 2 டெசிபெல் கூடினால் மனிதச் செவி அதை உரப்பு என்று சொல்லாது. தெளிவு, உயிர்ப்பு, விஸ்தாரம் என்றெல்லாம் சொல்லும். ஆதலால் இரண்டு வால்வுகளை நேர்மையாக ஒப்பிட விரும்புகிறவர், ஒரே சோதனை ஸ்வரத்தை ஓடவிட்டு, வெளியீட்டை மல்டிமீட்டரால் அளந்து சமப்படுத்திய பிறகே கேட்கவேண்டும். எந்த வால்வு செருகப்பட்டிருக்கிறது என்பதை வேறொருவர் மறைத்து வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். இந்தப் பரீட்சைக்கு ஒப்புகிற ரசிகர்கள் சொற்பம்.

ஊசிகள் பொருந்துகின்றன என்பதனாலேயே ஒரு வால்வை மற்றொன்றின் ஸ்தானத்தில் வைத்துவிடலாகாது. ஒன்பது ஊசி வால்வுகள் பெரும்பாலும் ஒரே சாக்கெட்டில் சமர்த்தாக உட்காரும். உள்ளே இணைப்புகள் வேறு. 12ஏயு7-இன் ஹீட்டருக்கு 4, 5, 9 என்ற மூன்று ஊசிகள் இருப்பதால், அதை 12.6 வோல்ட்டிலும் இயக்கலாம், 6.3 வோல்ட்டிலும் இயக்கலாம். ஈசிசி88 என்ற மற்றோர் ஒன்பது ஊசி வால்வுக்கோ 4, 5 என்ற இரண்டு ஊசிகளில் 6.3 வோல்ட் மட்டுமே. 12.6 வோல்ட் இணைப்புள்ள சாக்கெட்டில் ஈசிசி88-ஐச் செருகியவர், ஹீட்டர் கணநேரம் பிரகாசித்து அழிவதைக் காணும் பாக்கியம் பெறுவார். மின்னோட்டமும் கவனிக்கத்தக்கது. ஈசிசி88 இழுப்பது 365 மில்லியாம்பியர். அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ரஷ்ய 6என்1பி இழுப்பது 600. இந்த உபரியைத் தாங்கப் பிறக்காத டிரான்ஸ்ஃபார்மர் உடனே எரியாது. மெல்லச் சூடேறி மெல்லச் சாகும்.

ஒரே எண் தாங்கிய இரண்டு வால்வுகளுக்குள் வேற்றுமை உண்டா என்பதே சர்ச்சைக்கு இடமான கேள்வி. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த மல்லார்ட் தொழிற்சாலைக்கும், அடிக்கண்ணாடியில் ஊசிகளின் நடுவே வைரக்கட்டி வடிவம் பதித்து அனுப்பிய ஜெர்மனியின் டெலிஃபங்கனுக்கும் பக்தர்கள் ஏராளம். ஆனால் அந்நாளைய கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று சரக்கு வாங்கித் தத்தம் முத்திரையைக் குத்தி விற்பது சர்வ சாதாரணமாகையால், கண்ணாடியின் மேல் அச்சிட்ட பெயரைவிட அடியில் பொறித்த சிறு குறியே நம்பத்தக்கது. ஃபிலிப்ஸ் குடும்ப வால்வுகளில் பி என்ற ஆங்கில எழுத்து பிளாக்பர்னையும், சிறு முக்கோணம் ஹாலந்தின் ஹேர்லனையும் குறிக்கும். பெயரை அழித்து வேறு பெயர் அச்சிடும் புண்ணியவான்கள் இன்றும் வியாபாரம் செய்கிறார்கள். என் வரையில், தொழிற்சாலையைவிட வால்வின் தேக ஆரோக்கியமே முக்கியம். இரண்டு பாதிகளும் ஒத்திராவிட்டால் ஒரு காதில் ஒலி குறையும். உள்ளுறுப்புகள் தளர்ந்திருந்தால், கண்ணாடியை விரலால் தட்டும்போது ஹெட்போனில் மணியடித்தாற்போல் ஒலிக்கும். குமிழின் உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பேரியப் பூச்சு பால்வெண்மையாகிவிட்டதானால், காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு காலமாகிவிட்டது.

வால்வோடு நில்லாமல் சுற்றமைப்பையே திருத்துகிறவர்களும் உண்டு. கிராக் ஆம்ப்ளிஃபையருக்கு ஸ்பீட்பால் என்றொரு துணைக்கருவி விற்கப்படுகிறது. வால்வுகளுக்கு மின்னோட்டம் தரும் சாதாரண மின்தடைகளை நீக்கி, மாறாத மின்னோட்டம் தரும் சிறு சுற்றுகளை அவ்விடத்தில் வைப்பது அதன் பணி. வால்வு தன் பெருக்கத்தை முழுவதும் வெளிக்காட்டவும், பிழையைக் குறைக்கவும் அது துணைசெய்கிறது. எந்த வால்வு மாற்றத்தையும்விட அளவுகருவியில் பிரத்தியட்சமாகத் தெரியும் முன்னேற்றம் இது. அந்தச் சுற்றுக்குள் இருப்பவை டிரான்ஸிஸ்டர்கள் என்பதை வால்வு பக்தர்கள் அதிகமாகப் பேசுவதில்லை.

இத்தகைய வேலையில் இறங்குகிறவர் ஒன்றை மறக்கலாகாது. இந்தப் பெட்டிகளுக்குள் 150 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தம் ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கக்கூடும். ஒரு மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைக் கண்ணால் கண்டபின்பே கை வைக்கவேண்டும். வால்வை மாற்ற மட்டும் பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை என்றாலும், 6080-இன் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 16 வாட் உண்பதால், கண்ணாடி கையைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். நன்றாக ஆறவிட்டு, அடிப்பாகத்தைப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்கவேண்டும். புதிய வால்வைச் செருகி மின்சாரம் கொடுக்கும் முன் ஹெட்போனைக் கழற்றிவிடுவதும் உத்தமம்.

புதிய வால்வுகள் இன்று ஸ்லோவாக்கியாவின் ஜேஜே எலெக்ட்ரானிக் ஸ்தாபனத்திலும், ரஷ்யாவின் ஸரடோவ் நகரிலும், சீனத்திலும் உற்பத்தியாகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி வந்ததும் உலகெங்கும் விலை ஏறியது, இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் காட்டிற்று. நம் தேசத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோக்களுக்காகச் செய்த வால்வுகளும் பழைய சரக்காக அங்கங்கே அகப்படுகின்றன. 6080 ராணுவத்துக்கென்று ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்னும் சகாய விலையில் கிடைக்கிறது. முதன்முதலாக மாற்றிப் பார்க்க விரும்புகிறவர், இரண்டு பாதிகளையும் சோதித்து அளவு குறித்துத் தருகிற வியாபாரியிடம் அதில் இரண்டொன்று வாங்கினால் போதும். 5998-க்காகப் பணப்பையைத் திறக்கும்முன் அவர் ஒலித் திருகைச் சற்று வலப்புறம் திருப்பிக் கேட்கட்டும். செலவில்லாத 2 டெசிபெல் அங்கேயே இருக்கிறது.