நியூட்ரினோவும் போடி மலையும்

வானத்தைப் பற்றிய செய்திகள் மக்களிடம் வியப்பை எழுப்புவதுண்டு. அச்சத்தை எழுப்புவதும் உண்டு. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'ஸ்கைலாப்' விண்வெளி நிலையம் பூமியில் விழப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அது யார் தலையில் விழுமோ என்பதே நம் நாட்டில் பேச்சாக இருந்தது. ஏறத்தாழ 77 டன் எடையுள்ள அந்நிலையம் ஜூலை 11ஆம் நாள் சிதறியது. அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன, ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, பலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தனர்.

இவ்வச்சங்கள் விரைவில் வந்து விரைவில் மறைந்தன. ஆனால், தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே எழுந்த ஒரு விஞ்ஞானச் செய்தி, பல ஆண்டுகளாக மக்களை இரு பக்கமாக நிறுத்தியிருக்கிறது. அதுவே பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வு மையம். விண்ணின் தொடர்புடைய துகள்களை மலைக்குள் இருந்து நோக்கும் திட்டம் இது. ஆதலால், இதனை ஒருவகை வானநோக்கு நிலையம் என்றே கூறலாம். இதைப் பற்றி ஊரார் கேட்ட கேள்விகள் எத்தகையவை, அவற்றுக்கு யார் விடை கூற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நியூட்ரினோ என்பது யாது?

நியூட்ரினோ மின்னூட்டம் அற்ற, மிக மிகக் குறைந்த நிறையுள்ள அடிப்படைத் துகள். 1930இல் பௌலி என்னும் அறிஞர் இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என ஊகித்தார். 1956இல் கோவான், ரெயின்ஸ் ஆகிய இருவரும் அதனைச் சோதனையில் கண்டனர். சூரியனின் மையத்தில் நிகழும் அணுக்கருச் சேர்க்கையில் நியூட்ரினோக்கள் அளவின்றிப் பிறக்கின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியே ஒவ்வொரு விநாடியும் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. இரவிலும் இது நிற்பதில்லை. சூரியன் பூமிக்கு மறுபுறம் இருக்கும்போது, அவை பூமியைத் துளைத்துக்கொண்டு நம் காலடி வழியாக மேலே வருகின்றன.

இத்தனை துகள்கள் நுழைந்தும் நமக்கு ஏதும் நேர்வதில்லை. ஏன்? நியூட்ரினோ பிற பொருள்களுடன் மோதுவது அத்துணை அரிது. 1987 பிப்ரவரி 23ஆம் நாள், சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்கள் பூமியை வந்தடைந்தன. கோடானுகோடித் துகள்கள் பூமியைக் கடந்தும், ஜப்பான், அமெரிக்கா, சோவியத் நாடு ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த கருவிகளில் சேர்த்துச் சிக்கியவை ஏறத்தாழ இருபத்தைந்தே! எனினும் அந்த இருபத்தைந்தும் விண்மீனின் வயிற்றுக்குள் நடந்ததை நமக்கு அறிவித்தன. அவ்விண்மீனின் ஒளி வெடிப்பு தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னரே அவை வந்துவிட்டன.

இத்துறையில் நம் நாட்டுக்குப் பழம்பெருமை உண்டு. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. இவ்வாறு பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் உலகிலேயே முதன்முதலாக 1965இல் கண்டறியப்பட்டது. கண்ட இடங்கள் இரண்டு. ஒன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம். மற்றொன்று நம் கோலார் தங்கச் சுரங்கம். கோலார் ஆய்வுக்கூடம் 1992இல் மூடப்பட்டது.

மலை எதற்கு?

கண்டறியும் கருவிக்கு மேலே மலை ஏன் வேண்டும் எனப் பலர் கேட்கின்றனர். சிறு கணக்கால் இதனை விளக்கலாம். விண்கதிர்களிலிருந்து பிறக்கும் மியூவான் என்னும் துகள்கள் தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகின்றன. திட்டமிடப்பட்ட இரும்புக் கருவி 50,000 டன் எடையும், 48 மீட்டர் நீளமும், 16 மீட்டர் அகலமும் உடையது. அதன் மேற்பரப்பு 76.8 லட்சம் சதுர சென்டிமீட்டர். வெட்டவெளியில் வைத்தால் அதன்மீது விநாடிக்கு 1,28,000 மியூவான்கள் விழும். ஆனால், அக்கருவியில் ஒரு நாளில் மோதக்கூடிய நியூட்ரினோக்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. திருவிழாக் கூட்டத்தில் கொலுசொலி கேட்பது எப்படி?

கருவிக்கு மேலும் பக்கங்களிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருப்பின், மியூவான்கள் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. அப்போது எட்டு விநாடிக்கு ஒன்றுதான் கருவியை எட்டும். நியூட்ரினோவுக்கோ பாறை ஒரு தடையே அன்று. போடி மேற்கு மலையின் பாறை சார்னோக்கைட் எனப்படும் உறுதியான, ஒரே சீரான பாறை. அதைத் தேர்ந்தமைக்கு இதுவே காரணம். முதலில் பார்க்கப்பட்ட நீலகிரியின் சிங்காரா, யானைகளும் புலிகளும் நடமாடும் பகுதி என்பதால் 2009இல் கைவிடப்பட்டது.

இருவகைக் கேள்விகள்

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவில் இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தேநீர்க் கடைகளிலும், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளிலும் நியூட்ரினோ என்ற சொல் புழங்கலாயிற்று. கதிர்வீச்சு வருமா, ஏலச்செடி கருகுமா, அணுக்கழிவை மலைக்குள் புதைப்பார்களா, வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணை தாங்குமா, ஊற்று வற்றுமா, மேய்ச்சல் நிலம் போகுமா? கேள்விகள் பல.

இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் குழப்பத்துக்குக் காரணம். பிரித்துப் பார்த்தால் சில கேள்விகள் துகளைப் பற்றியவை; மற்றவை சுரங்கத்தைப் பற்றியவை.

துகளைப் பற்றிய கேள்விகளுக்கு இயற்பியல் தெளிவாக விடை தருகிறது. இம்மையம் நியூட்ரினோவை உண்டாக்குவதில்லை, வருவதைக் கவனிக்கிறது. மழைமானி மழையைப் பெய்விப்பதில்லை அல்லவா? கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 6,500 கோடித் துகள்கள் ஏலச்செடி வழியாகவும் நம் வழியாகவும் செல்லும். ஆகவே, இதனால் செடி கருகும் என்பது சரியன்று.

அணுக்கழிவுக் கேள்வி வேறுவகை. இத்திட்டத்துக்கு நிதியளிக்க முன்வந்தவற்றுள் அணுசக்தித் துறையும் ஒன்று. கூடங்குளம் போராட்டத்தைப் பார்த்த மக்களுக்கு அப்பெயரே ஐயத்தைத் தருவது இயல்பு. நியூட்ரினோவின் நிறையைச் சொல்லி இந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது. எழுத்து மூலமான உறுதியும், ஊரார் உள்ளே சென்று பார்க்கும் உரிமையுமே இதற்கு விடை.

சுரங்கத்தின் கணக்கு

இனிச் சுரங்கத்தைப் பார்ப்போம். திட்டப்படி சுரங்கப்பாதை சுமார் 2 கிலோமீட்டர் நீளம். அகலமும் உயரமும் சுமார் 7.5 மீட்டர். கன அளவு ஏறத்தாழ 1,12,500 கனமீட்டர் ஆகிறது. கனமீட்டருக்கு 2.8 டன் எனக் கொண்டால் 3,15,000 டன் பாறை. பத்து டன் ஏற்றும் லாரிக்கு 31,500 நடைகள். கருவியை வைக்கும் குகைக்கூடத்தின் பாறை இதில் சேரவில்லை. இவ்வளவும் எந்தச் சாலை வழியே போகும், எங்கே கொட்டப்படும், தூசியை எப்படி அடக்குவது? வெடியின் அதிர்வு தொலைவு கூடக் கூட விரைவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வெடிமருந்து, எத்தனை முறை, எந்த இடத்தில் எவ்வளவு அதிர்வு என்பவை கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டியவை. பாறைப் பிளவுகளில் ஓடும் நீர் திசை மாறுமா என்பதும் அவ்வாறே. இவை அறியாமையால் எழுந்த கேள்விகள் அல்ல. பொறியியலும் நிலவியலும் விடை சொல்ல வேண்டிய கேள்விகள்.

பின்னர் நடந்தது இதற்குச் சான்று. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இத்திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணம் நியூட்ரினோ அன்று. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், திட்டத்தை இன்னும் கடுமையான வகையில் வைத்து ஆராய்ந்திருக்க வேண்டும் என்பதே. 2018 மார்ச்சில் மத்திய அரசு நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதி வழங்கியது. வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் வழியும் மலையின் காடும் பாதிக்கப்படும் எனக் கூறி, திட்டம் வேண்டாம் என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இரு தரப்புக்கும் இதில் படிப்பினை உண்டு. துகளைப் பற்றிய அச்சம் தவறு என்பதால் மற்றக் கேள்விகளையும் தவறென ஒதுக்கிய விஞ்ஞானிகள், ஊராரின் நம்பிக்கையை இழந்தனர். இல்லாத கதிர்வீச்சைப் பேசிய எதிர்ப்பாளர்களோ, காடு, நீர், சாலை பற்றிய தங்கள் வலுவான வாதத்தைத் தாங்களே மெலியச் செய்தனர். இழப்பும் இரு பக்கமும் உண்டு. மூவகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைகின்றன என்பது போடிக் கருவி ஆராயவிருந்த முதன்மையான வினா. அதே வினாவுக்காகச் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் அளவிடத் தொடங்கிவிட்டது. மறுபுறம், காட்டையும் ஊற்றையும் இழந்துவிட்டால் எந்த ஆய்வும் அவற்றை மீட்டுத் தராது.

மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். உங்கள் ஊருக்கு வரும் எந்தத் திட்டத்தின் செய்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் பொருளின் தன்மை பற்றிய கேள்விகளையும், மறுபக்கம் அதை அமைக்கும் வேலை பற்றிய கேள்விகளையும் எழுதுங்கள். முதற்பக்கத்துக்குப் பாடநூலிலும் ஆசிரியரிடமும் விடை தேடுங்கள். இரண்டாம் பக்கத்தை ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.