மாணாக்கரும் மைதானமும்

பள்ளி மணி அடித்ததும் புத்தகப் பையை வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அக்காட்சி இன்று அரிதாகிவிட்டது. மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென், முடிச்சூர் முதலிய இடங்களில் வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. மாணாக்கர் வண்டியில் பள்ளிக்குச் செல்லுகின்றனர். பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி வகுப்பில் அமருகின்றனர். இரவில் கைப்பேசியுடன் படுக்கின்றனர். இவ்வாறு அமர்ந்தே வளரும் பிள்ளைகளின் நலன் குறித்துச் சில கருத்துகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வரையறுத்தது. அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணாக்கரில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. மாணவியரிடையே இத்தொகை 85 ஆகும். எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இவ்வயதில்தான் சேருகின்றது. இப்போது சேர்க்காததைப் பிற்காலத்தில் மருந்தால் ஈடுசெய்தல் கடினம். நல்ல உறக்கமும் படிப்பில் கவனமும்கூட உடலுழைப்பைச் சார்ந்தவையே.

இவற்றை மாணாக்கர் அறியாதவர் அல்லர். அறிந்தும் ஏன் ஆடுவதில்லை? ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் விளையாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கக் கண்டோம். காரணம் கேட்டோம். பந்து மாணவர்களிடம் இருக்கிறது என்றார் ஒருவர். ஓடினால் பிறர் சிரிப்பார்கள் என்றார் மற்றொருவர். தேர்வு நெருங்கினால் இவ்வேளையும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்றார் வேறொருவர். சோம்பல் என்று நாம் எண்ணியிருந்தது உண்மையில் சோம்பல் அன்று.

மனிதனின் உள்ளூக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர்களான டெசியும் ரயனும் அதற்கு மூன்று தேவைகளைக் கூறினர். தானே தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்று. தன்னால் முடியும் என்ற உணர்வு மற்றொன்று. தன்னைச் சேர்த்துக்கொள்ளும் தோழமை மூன்றாவது. வேப்பமரத்தடியில் நாம் கேட்ட விடைகளும் இவற்றின் குறையையே காட்டின. பிரம்பாலும் பரிசாலும் பிள்ளைகளைச் சில நாட்கள் ஓட வைக்கலாம். பள்ளியை விட்டபின் அவர்கள் ஓட மாட்டார்கள்.

ஆகவே, செய்ய வேண்டியவை எளியன. சடுகுடு, கோ-கோ, கயிறு தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றுள் விரும்புவதை மாணாக்கரே தேர்ந்துகொள்ளட்டும். மாணவியர்க்கெனத் தனிப் பந்தும் தனி வேளையும் ஒதுக்கப்பட வேண்டும். மாதம் ஒருமுறை 600 மீட்டர் தூரம் ஓடச் செய்து, ஆன நேரத்தை அவரவர் அட்டையில் குறிக்கலாம். பிறருடன் ஒப்பிடாது, சென்ற மாதத்துத் தம் நேரத்துடன் ஒப்பிட்டால், பின்தங்கியவரும் முன்னேற்றம் காண்பர். நடக்கக்கூடிய தொலைவாயின் நடந்தும், அதற்கு மேற்பட்டால் அரசு வழங்கும் மிதிவண்டியிலும் பள்ளிக்கு வரலாம்.

இதற்கு வழிகாட்டிகளைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் உள்ளது. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. 2024இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகளையும் அரசு வழங்கத் தொடங்கியது.

ஆனால் கருவியை வைத்து ஆட இடம் வேண்டுமன்றோ? இங்கு எம் குறையொன்றையும் ஒளிக்காது கூறல் கடமையாகும். பள்ளியை ஒட்டிய வெற்றிடத்தில் கட்டடம் எழுப்புவதற்கான வரைபடம் ஒன்று எம் மேசைக்கு வந்தது. கட்டடம் ஊருக்குத் தேவையானதே. மாற்றிடம் உண்டா என்று கேளாமல் கையெழுத்திட்டோம். இன்று அப்பள்ளிப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாய் நின்று கையை மட்டும் உயர்த்திப் பயிற்சி செய்கின்றனர். அதைக் கண்ட நாள் முதல், மைதானம் குறித்த எக்கோப்பையும் நேரில் இடம் பாராது நாம் முடிப்பதில்லை.

ஊர்ப் பெரியோர்களும் பெற்றோரும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபைக்குத் தவறாது வருக. தம் ஊர் விளையாட்டிடத்தின் அளவையும் எல்லையையும் தீர்மானத்தில் பதியச் செய்க. எழுத்தில் உள்ள மைதானத்தை எளிதில் எவரும் எடுக்க இயலாது. கட்டடத்தை மற்றோர் இடத்தில் கட்டலாம்; பிள்ளைகளின் பதின்மூன்றாம் வயது மற்றொரு முறை வாராது.