கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்

கேஸ் அடுப்பு வந்த பிறகும் கிராமத்து வீடுகளை விட்டு விறகடுப்பு போகவில்லை. சோறு பொங்கவும் வெந்நீர் போடவும் விறகு, அவசரத்துக்கு டீ வைக்க கேஸ். பல வீடுகளில் இரண்டும் ஒரே அறையில், ஒரே தரையில் இருக்கின்றன. மேடை இல்லாததால் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அடுப்பை வைத்து, குந்தியபடி சமைக்கிறார்கள். என் பெரிய பயம் இதுதான்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தரையோடு பரவி, கட்டிலுக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். ரெகுலேட்டரை மூடாமல் படுத்த இரவில் டியூபில் சின்னக் கீறல் இருந்தால், விடியற்காலையில் விறகடுப்புக்குக் கிழிக்கும் ஒரு தீக்குச்சி போதும். செங்கல் அடுக்கி மேலே கடப்பாக்கல் போட்டாவது கேஸ் அடுப்பைச் சிலிண்டரைவிட உயரத்தில் வையுங்கள். விறகடுப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே பொறி எட்டும் தூரத்தில் கூரை இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கொட்டகையிலிருந்து பரவிய தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 பிள்ளைகளைக் கொன்றதே!

வாசனை வந்தால் எல்லோருடைய கையும் முதலில் லைட் சுவிட்சுக்குத்தான் போகும். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது. தீ பிடித்துவிட்டால் 101 அல்லது 112. சுட்டுக்கொண்ட இடத்தில் பற்பசை, மாவு, பேனா மை எதையும் பூசாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

சிலிண்டர் கொண்டுவருபவரிடம் எடை போட்டு, கசிவு பார்த்துத் தரச் சொல்வது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் கேஸ் இணைப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது. நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. கேஸால் ஏற்பட்ட விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். விபத்து நடந்த உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள், இறப்பு நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுச் சேதத்துக்கான தொகை இணைப்பில் பதிவான முகவரிக்கு மட்டும்தான். மாமியார் பேரில் பழைய வீட்டு முகவரியில் இருக்கும் இணைப்பை வைத்துப் புது வீட்டில் சமைப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஏஜென்சிக்குப் போய் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். குடிசை எரிந்தால் அரசு நிவாரணம் தனியாக உண்டு. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.