வானூர்தியின் மடங்கும் கால்கள்

காக்கையும் புறாவும் வானில் எழுந்தவுடன் தம் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். கொக்கும் நாரையும் தம் நெடுங்கால்களைப் பின்னே நீட்டி, உடலோடு ஒரே நேராக்கிக்கொண்டு பறக்கும். பறக்குங்கால் கால்களால் ஆவது ஒன்றுமில்லை. அவை தொங்குமாயின் காற்று மோதி வேகம் குறையும். பறவைகளுக்கு இயல்பாகவே வாய்த்த இவ்வறிவு மனிதனுக்கு மெல்ல மெல்லவே வந்தது. அமெரிக்க நாட்டு ரைட் உடன்பிறந்தார் 1903-ஆம் ஆண்டில் பறக்கவிட்ட ஊர்திக்குச் சக்கரங்களே இல்லை. சறுக்குக் கட்டைகளே இருந்தன. பின்னர் வந்த ஊர்திகள் சக்கரம் பூண்டன. ஆயினும் அச்சக்கரங்கள் வானிலும் தொங்கிக்கொண்டே சென்றன. 1920-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நடைபெற்ற கார்டன் பென்னெட் பந்தயத்திற்கு அமெரிக்காவிலிருந்து வந்த டேட்டன் ரைட் என்னும் பந்தய ஊர்தி, ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரங்கள் உடலுக்குள் மடங்கிக்கொள்ளும் அமைப்பை உடையதாயிருந்தது. அப்பந்தயத்தில் அது வெல்லவில்லை. எனினும் அது காட்டிய வழியையே பிற்கால ஊர்திகள் பலவும் பின்பற்றின.

கால்களை மடக்கினால் வேகம் மிகும்; எரிபொருள் மிஞ்சும். ஆனால் மடக்கிய காலை மீண்டும் நீட்டியே ஆக வேண்டும். பறவைக்கு அது நினைத்த அளவில் ஆகும். ஊர்திக்கோ மின்சாரமோ எண்ணெய் அழுத்தமோ துணை செய்தல் வேண்டும். மின்கம்பி அறுந்தாலும், மோட்டார் எரிந்தாலும், எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் விமானி என் செய்வார்? நான்கைந்து பேர் அமரும் சிற்றூர்தியில் அவருக்கு உதவப் பொறியாளர் எவரும் உடன் இரார். ஆகவே, வழக்கமான அமைப்புக் கெட்டாலும் கால்களை இறக்குவதற்கு வேறொரு வழி இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க அரசின் விமான விதிகள் வற்புறுத்தின. அவ்வழியை ஊர்தி செய்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக அமைத்தனர்.

அவ்வகைகளை அறியுமுன், காலைத் தாங்கும் பூட்டின் தன்மையை அறிதல் நன்று. கால் கீழே இறங்கினால் மட்டும் போதாது. தரையில் மோதுங்கால் மீண்டும் மடங்காமல் நிற்றல் வேண்டும். ஒருவன் முழங்கையை நன்றாக நீட்டி, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றித் தன் உடற்பாரத்தைச் சாய்த்தால் கை தாங்கும். முழங்கை சிறிதளவு வளைந்திருந்தாலும் கை துவண்டு மடங்கும். வானூர்தியின் காலைத் தாங்கும் சட்டத்திலும் இத்தகைய முழங்கை ஒன்று உண்டு. அது நேர்நிலையைச் சற்றே கடந்து சென்றதும், வில்லின் இழுவையாலோ கொக்கியின் பிடியாலோ அவ்விடத்திலேயே நிற்கும். அதன்பின் மேலிருந்து பாரம் அழுத்த அழுத்தப் பூட்டு இறுகுமேயன்றி நெகிழாது. நெருக்கடிக் காலத்தில் செய்யும் முயற்சி அனைத்தும் காலை இந்நிலைக்குக் கொண்டுவருதற்கேயாம். முக்கால் பங்கு இறங்கிய காலும் இறங்காத காலும் ஏறத்தாழ ஒன்றே.

1967-ஆம் ஆண்டில் வெளிவந்த பைப்பர் ஆரோ என்னும் ஊர்தியின் அமைப்பு மிக எளியது. அதன் கால்களை மேலே பிடித்து நிறுத்துவது கொக்கியன்று; எண்ணெயின் அழுத்தமே. ஒரு மின்மோட்டார் பம்பை ஓட்டி அவ்வழுத்தத்தை உண்டாக்குகின்றது. எண்ணெய் ஒழுகிவிட்டால் கால்கள் தம் பாரத்தாலேயே கீழே விழும். பழுது நேர்ந்தால் அப்பழுதே கால்களை இறக்கிவிடுமாறு அமைத்த அறிவு பாராட்டத்தக்கது. மோட்டார் மட்டும் கெட்டு, அழுத்தம் குழாயில் அடைபட்டு நின்றால், முன் இருக்கைகளின் நடுவேயுள்ள நெம்புகோலை விமானி கீழே அழுத்துவார். உடனே எண்ணெய் வழிவிட, பக்கக் கால்கள் இரண்டும் இறக்கைகளினின்று வெளியே விழும். மூக்குக் கால் பின்னோக்கி மடங்கியிருப்பதால், காற்றை எதிர்த்து முன்னே வர வேண்டியதாகின்றது. வலிய வில்கள் அதற்குத் துணை நிற்கின்றன. இதனாலேயே முதலில் வேகத்தை மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்குக் கீழாகக் குறைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதன் பின்னரும் கால் பூட்டிக்கொள்ளாவிடில், சுக்கானை இருபுறமும் மாறிமாறி மிதித்து ஊர்தியை உலுக்குமாறு கையேடு கூறுகின்றது. சிக்கிய கதவை அசைத்துத் திறப்பது போன்ற செயலே இது.

செஸ்னா நிறுவனத்தாரின் 172 ஆர்.ஜி. ஊர்தியில் இவ்வழி பயன்படாது. அதன் இறக்கை உடலின் மேலே உள்ளது. ஆதலின் பக்கக் கால்கள் உடலின் அடியிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கித் திரும்பி வயிற்றுக்குள் புகுகின்றன. விட்டுவிட்டால் அவை பாதி வழியில் தொங்குமேயன்றி, காற்றை எதிர்த்து முன்னே வந்து பூட்டிக்கொள்ளா. ஆகவே இருக்கைகளின் நடுவே தரையில் ஒரு கைப்பம்பு வைத்துள்ளனர். தெருவோரத்து அடிகுழாயில் நீர் இறைப்பது போல அதன் பிடியை ஏறத்தாழ 35 முறை அடித்தல் வேண்டும். தொடக்கத்தில் இலேசாக இருக்கும் பிடி, கால்கள் பூட்டிக்கொண்டதும் கையை எதிர்த்துக் கடினமாகும். அக்கடினமே விமானிக்கு நற்செய்தி. ஆனால் எண்ணெய் முழுவதும் ஒழுகிவிட்ட ஊர்தியில் கைப்பம்பும், வறண்ட கிணற்றில் வைத்த அடிகுழாயைப் போல, வெறுங்காற்றையே தள்ளும். பழைய பைப்பர் ஆஸ்டெக் ஊர்தியில் இக்குறைக்கு ஒரு மருந்து இருந்தது. கைப்பம்பும் கைவிட்டால், குப்பியில் அடைத்த கரியமில வாயுவைத் திறந்துவிட்டுக் கால்களைத் தள்ளலாம். ஒருமுறை திறந்த குப்பியை மீண்டும் நிரப்பும் வரை அவ்வழியும் இல்லை.

பீச்கிராப்ட் நிறுவனம் 1947-ஆம் ஆண்டு முதல் விற்ற பொனான்சாவில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. மின்மோட்டார் ஒன்று பற்சக்கரங்களையும் தண்டுகளையும் இயக்கிக் கால்களை நீட்டும், மடக்கும். மோட்டார் நின்றுவிட்டால், முன் இருக்கைகளின் பின்புறத்தேயுள்ள கைப்பிடியைப் பொருத்தி, இடஞ்சுழியாக ஏறத்தாழ 50 சுற்றுச் சுற்றுதல் வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயல், தனித்துச் செல்லும் விமானிக்கு அரிதே. ஒரு கையால் ஊர்தியைச் செலுத்திக்கொண்டே உடலைத் திருப்பி மற்றொரு கையால் சுற்றுங்கால், ஊர்தியின் மூக்கு ஒருபுறம் சாய்வதையும் உயரம் மாறுவதையும் கவனித்தாக வேண்டும். சுற்றத் தொடங்குமுன், மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் வழியைத் துண்டித்தலும் இன்றியமையாதது. நடுவில் மோட்டார் திடீரென உயிர் பெற்றால், கைப்பிடி வேகமாகச் சுழன்று கையை முறித்துவிடும். மேலும் அக்கைப்பிடி காலை இறக்குவதற்கே உரியது. பறக்கும்போது அதனைக்கொண்டு காலை ஏற்ற முயலலாகாது.

முற்கால மூனி ஊர்திகளோ இவ்வளவு தொல்லைக்கும் இடம் வையாதவை. நீண்ட இரும்புக் கோல் ஒன்றை விமானி தம் கையாலேயே சாய்த்துக் காலை மடக்குவார். நிமிர்த்திப் பூட்டினால் கால் இறங்கும். கெடுவதற்கு அதில் மோட்டாரும் இல்லை, எண்ணெயும் இல்லை.

கால்கள் பூட்டிக்கொண்டன என்பதை விமானி அறிவது எவ்வாறு? ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக மூன்று பச்சை விளக்குகள் அவர் முன்னே எரியும். ஒன்று எரியாவிடில், முதலில் விளக்கையே ஐயுற வேண்டும். எரியும் விளக்கைக் கழற்றி எரியாததன் இடத்தில் பொருத்தினால் உண்மை விளங்கிவிடும். பைப்பர் ஆரோவில் மற்றுமொரு வேடிக்கை உண்டு. இரவுப் பயணத்திற்குரிய விளக்குகளை ஏற்றினால் இப்பச்சை விளக்குகள் கண்ணுக்கு இதமாக மங்கிவிடும். பகலில் அவற்றை அணைக்க மறந்தவர், நன்கு இறங்கிய கால்களை இறங்கவில்லை என்று எண்ணிக் கலங்குவதுண்டு. விமான நிலையத்தின் கோபுரத்தருகே தாழப் பறந்து, கீழுள்ளோரைப் பார்த்துச் சொல்லுமாறு வேண்டுவோரும் உளர். கால் தொங்குவதை அவர்கள் காணலாம். பூட்டு விழுந்ததைக் காண இயலாது.

ஒரு சிறு விளக்கு விளைத்த கேடு பெரிய ஊர்தி ஒன்றின் வரலாற்றில் உள்ளது. 1972-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து மியாமி நகருக்கு வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் ஊர்தியில் மூக்குக் காலுக்குரிய விளக்கு எரியவில்லை. தானியங்கிக் கருவியிடம் ஊர்தியை ஒப்படைத்துவிட்டு, விமானிகள் அவ்விளக்கைக் கழற்றுவதிலேயே முனைந்தனர். உயரத்தைக் காக்கும் அமைப்பு விடுபட்டதை அவர்கள் அறிந்திலர். ஊர்தி சிறிது சிறிதாகத் தாழ்ந்து, எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்பு நிலத்தில் மோதியது. உள்ளிருந்த 176 பேருள் 101 பேர் மாண்டனர். மூக்குக் கால் செம்மையாக இறங்கிப் பூட்டியே இருந்தது என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது, கெட்டிருந்தது விளக்கே.

இதனாலேயே சிற்றூர்தி விமானிகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், கைப்பிடியைத் தொடுமுன் செய்யவேண்டியதை முதலில் சொல்லிக்கொடுப்பர். போதிய உயரத்திற்கு ஏறிக்கொள்ளுதல், போக்குவரத்து மிகுந்த இடத்தை விட்டு அகலுதல், எரிபொருள் எவ்வளவு நேரத்திற்குப் போதும் எனக் கணக்கிடுதல், பிறகே கையேட்டைத் திறந்து வரிசை பிறழாமல் செய்தல் என்பதே அம்முறை. எல்லாம் செய்தும் கால் இறங்காவிடில் வயிற்றால் இறங்குதலே வழி. சுழல்விசிறி வளையும், எஞ்சினும் அடித்தகடும் பழுதாகும். ஆயினும் நீண்ட சமமான ஓடுபாதையில் நிதானமாக இறக்கினால் உள்ளிருப்போர் பெரும்பாலும் நடந்தே வெளிவருவர்.

நெருக்கடி வழியால் கால் இறங்கி, ஊர்தி நலமாகத் தரை சேர்ந்தாலும், அது உடனே மீண்டும் பறப்பதில்லை. பணிமனையில் அதனைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, சக்கரங்கள் நிலத்தைத் தொடாதவாறு நிறுத்தி, கால்களைப் பலமுறை மடக்கியும் நீட்டியும் பழுதைத் தேடுவர். பழுது தீர்ந்தபின் பொனான்சாவின் கைப்பிடியையும் ஒருமுறை பொருத்தி, ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே, கால்கள் பூட்டிக்கொள்ளும் வரை சுற்றிப் பார்ப்பர்.