அடுத்த வீட்டுக்காரர் வேறு நிறம் என்றால்...

வேற்று இனத்தார் குடிவந்தால் வெறுப்பு கூடுமா, குறையுமா? இரண்டும் நடக்கும்.

அமெரிக்க அரசுக் குடியிருப்புகளை ஒப்பிட்டு 1951-இல் மார்ட்டன் டாய்ச், மேரி எவன்ஸ் காலின்ஸ் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கட்டடத்தில். நியூவார்க்கில் தனித்தனிக் கட்டடங்களில். ஒரே கட்டடத்தில் இருந்த வெள்ளைக்கார இல்லத்தரசிகளிடம்தான் நல்லெண்ணம் அதிகம். வாசலில் எதிர்ப்பட்டால் பேசித்தானே ஆகவேண்டும்!

பழகாமல் கண்ணில் மட்டும் பட்டால்? ரயன் ஈனோஸ் 2014-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டுகிறது. பாஸ்டன் புறநகர் ரயில் நிலையங்களில், ஸ்பானிஷ் பேசுகிறவர்களை இருவர் இருவராக அன்றாடம் அதே ரயிலுக்கு நிற்கவைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. மூன்றே நாளில் பயணிகள் குடியேற்றத்துக்கு எதிராகச் சாய்ந்தார்கள். இத்தனைக்கும் அது தாராளவாதிகள் நிறைந்த வட்டாரம்! பத்தாம் நாள் வாக்கில் முகம் பழகி, எதிர்ப்பும் கொஞ்சம் தணிந்தது.

இதில் பணமும் படிப்பும் எங்கே வருகின்றன? வெள்ளையரின் இன மனப்பான்மையைக் கணிக்க, சுற்றிலும் எத்தனை கறுப்பர் என்பதைவிட அக்கம்பக்கத்தின் கல்வி நிலையே கூடுதலாக உதவுகிறது என்று எரிக் ஆலிவரும் டாலி மெண்டல்பெர்க்கும் 2000-இல் காட்டினார்கள். படிப்பு குறைந்த இடத்தில் வேலையும் வருமானமும் நிச்சயமில்லை; அந்தப் பதற்றம் யார்மீதாவது பாயும், பக்கத்தில் ஒரு கறுப்பர்கூட இல்லாவிட்டாலும்.