விளைச்சலுக்கு வரி இல்லை; மற்ற வரவுகளுக்கு?

விவசாயிக்கு வருமான வரி கிடையாது என்று கிராமங்களில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மையே. சட்டம் விலக்கு அளித்திருப்பது விவசாய வருமானத்துக்கு. விவசாயி என்ற ஆளுக்கு அல்ல. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்குப் பொருந்தும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே வீட்டுக்கு வரும் பணத்தில் எது விவசாய வருமானம், எது அல்ல என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உழுது, விதைத்து, பயிர் செய்து பெறும் விளைச்சலை விற்ற பணம் விவசாய வருமானம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் விலக்கு உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வாங்கும் குத்தகைப் பணமும் விவசாய வருமானமே. நாற்றங்காலில் வளர்த்து விற்கும் நாற்றுகள், மரக்கன்றுகள் ஆகியவற்றின் வருமானத்துக்கும் விலக்கு உண்டு. நட்டு வளர்த்த சவுக்கை வெட்டி விற்றால் வரி இல்லை. ஆனால் எந்தப் பாடும் படாமல் தானாக முளைத்த மரங்களை விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது. நிலத்தில் மனித உழைப்பு இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பது போல, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் வேலைகளால் விலக்கு போய்விடாது. அதைத் தாண்டினால் கணக்கு மாறும். சொந்த நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால், கடலையின் சந்தை விலை வரை விவசாய வருமானம்; அதற்கு மேல் செலவு போக நிற்பது வியாபார லாபம். பட்டுப்புழு வளர்ப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மல்பெரி இலை விவசாயப் பொருள், பட்டுக்கூடு விவசாயப் பொருள் அல்ல.

கறவை மாடு, கோழிப்பண்ணை, மீன் வளர்ப்பு, டிராக்டர் வாடகை ஆகியவற்றின் வருமானம் விவசாய வருமானத்தில் சேராது. இதைக் கேட்டு இரண்டு மாடு வைத்திருப்பவர் கலங்க வேண்டியதில்லை. தீவனம், மருந்து, கூலி எல்லாம் போக மிஞ்சுவதே வருமானம். 2025-26ஆம் ஆண்டுக்கான புதிய முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை.

அதைத் தாண்டுபவர்களுக்கு 1973 முதல் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் வரியில்லா வரம்புக்கு மேலும் இருந்தால், வரி விகிதம் பார்க்க மட்டும் இரண்டையும் கூட்டுவார்கள். பால் பண்ணையில் 6 லட்சம், பயிரில் 5 லட்சம் நிகர வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 11 லட்சத்துக்கு வரி 50,000. விவசாய வருமானம் 5 லட்சத்தோடு வரியில்லா வரம்பு 4 லட்சத்தைக் கூட்டினால் வரும் 9 லட்சத்துக்கு வரி 30,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20,000, அதுவே வரி. விவசாய வருமானத்தைக் காட்டாதிருந்தால் 10,000தான் வந்திருக்கும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால், தள்ளுபடி கிடைத்து இந்த 20,000 ரூபாயும் கழிந்துபோகும். ஆனாலும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும்.

நிலம் விற்கும்போது

பெரும் தொகை கைக்கு வருவதும், பலர் தவறுவதும் இங்கேதான். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதை ஊரின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. 10,000 பேருக்குக் குறையாத மக்கள் வசிக்கும் நகராட்சி எல்லைக்குள் நிலம் இருக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரம் பார்க்கப்படும். நகரின் மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தத் தூரம் சாலை வழியாக அளப்பதல்ல, நேர்க்கோட்டில் அளப்பது. சாலையில் 8 கிலோமீட்டர் சுற்றிப் போகும் நிலம் நேர்க்கோட்டில் 5 கிலோமீட்டராக இருக்கலாம். கிரையம் பேசும் முன்பே இதை அளந்து தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வட்டத்துக்குள் உள்ள நிலத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 20 லட்சம் லாபம் என்றால், 4 லட்சம் போக 16 லட்சத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரி, அதன்மேல் 4 சதவீதம் கூடுதல் தீர்வை. முன்னர் சொன்ன தள்ளுபடி இதற்குக் கிடையாது. முன்னோர் சொத்தாக இருந்தால் 1-4-2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலமாயின், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, வரி குறைவாக வருவதை ஏற்கலாம்.

இந்த வரியையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அந்த நிலத்தில் அவரோ அவருடைய பெற்றோரோ பயிர் செய்திருந்து, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட தொகை வரை லாபத்துக்கு விலக்கு கிடைக்கும். புதிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விற்கக் கூடாது. நல்ல விலை வரட்டும் என்று நிலத்தைத் தரிசாகப் போட்டு வைப்பவர்கள் இந்தச் சலுகையை இழக்கிறார்கள். சோளமோ உளுந்தோ விதைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிரைப் பதிவு செய்துகொண்டால் அதுவே சான்று. மண்டிச் சீட்டு, ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, உரக்கடை ரசீது ஆகியவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

முன்பணத்திலும் எச்சரிக்கை தேவை. நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்தால்தான் இதிலிருந்து விலக்கு. விளைபொருளை விற்கும்போது வியாபாரியிடம் ரொக்கம் வாங்கலாம்; ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். மேற்பட்ட தொகையை வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்வதே முறை.

விளைச்சல் பணத்தை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டால், அதன் வட்டி விவசாய வருமானம் அல்ல. ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், வங்கி வரி பிடிக்கும். வரி கட்ட வேண்டாதவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிடலாம். கொடுக்கத் தவறி வரி பிடிக்கப்பட்டிருந்தால், வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். இதற்கு நிரந்தரக் கணக்கு எண், அதாவது பான் அட்டை, அவசியம்.