குஞ்சின் குருதியும் எலியின் நஞ்சும்

சொண்டின் நுனியை வெட்டும்போது குஞ்சுக்கு ஒரு துளி குருதி கசிவது வழக்கம்; சிறிது நேரத்தில் அது உறைந்துவிடும். உறையாது வடிந்துகொண்டேயிருந்து குஞ்சு வெளிறி இறக்குமாயின், காயத்தைக் குறைகூறுதல் தகாது. தீனியையும் கொடுத்த மருந்தையும் ஆராய்தல் வேண்டும்.

டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஹென்றிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனியை உண்ட குஞ்சுகளில் தோலின் கீழும் தசையிலும் குருதி கசிந்திருக்கக் கண்டார். அத்தீனியிற் குறைந்த சத்துக்கு 1935 ஆம் ஆண்டில் விற்றமின் 'கே' எனப் பெயரிட்டார். குருதியுறைதலைக் குறிக்கும் டேனியச் சொல்லின் முதலெழுத்தே அது. இச்சத்து குயினோன் என்னும் இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது.

குயினோனின் சிறப்பு, ஐதரசனை ஏற்பதும் பின்னர் அதனை இழப்பதுமாம். பச்சை இலையில் விற்றமின் கே1, சூரிய ஒளியால் எழும் இலத்திரன்களைக் கைமாற்றுகின்றது. ஈரற் கலத்தில் அதற்கு வேறு தொழில். அங்கே ஐதரசன் ஏற்ற நிலையில் நின்று, குருதியுறைதற்குரிய புரதங்களிற் காபனீரொட்சைட்டைச் சேர்க்கும் நொதியத்துக்கு அது உதவுகின்றது. அவ்வாறு திருத்தப்பட்ட புரதமே கல்சியத்தைப் பற்றவல்லது. திருத்தப்படாத புரதம் குருதியில் இருந்தும் பயனில்லை. தொழில் முடிந்ததும் விற்றமின் ஒட்சிசனை ஏற்றுச் செலவழிந்த நிலையை அடையும். மற்றொரு நொதியம் அந்த ஒட்சிசனை நீக்கி, அதனை மீண்டும் குயினோனாக்குகின்றது. ஒரே மண்வெட்டியால் வயல் முழுவதற்கும் வரம்பு கட்டுவது போன்றது இது. ஆதலின் மிகச் சிறிதளவு விற்றமினே போதும்.

இம்மீட்பு தடைப்பட்டால் நேர்வது யாது? அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் பூஞ்சணம் பிடித்த சுவீற் குளோவர்த் தீவனத்தை உண்ட மாடுகள் குருதி வடிந்து இறந்தன. 1933 இல் கமக்காரர் ஒருவர் உறையாத அக்குருதியைப் பாற்கலனில் ஏந்தி, பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தார். அங்கு தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாகவே வார்பரின் என்னும் எலி நஞ்சு 1948 இல் விற்பனைக்கு வந்தது. மீட்கும் நொதியத்தை அது முடக்குகின்றது. முன்னரே ஆக்கப்பட்ட புரதங்கள் தீரச் சில நாட்களாகும்; அதனாலேயே எலி இரையை ஐயுறுவதில்லை. ஆனால் அதே நொதியம் நாயிலும் பன்றியிலும் குழந்தையிலும் உண்டு.

இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கப்படும் சல்பாகுயினொக்சலீனும் இந்நொதியத்தைத் தடுப்பதைக் கோழி வளர்ப்போர் பலர் அறியார். அதனைக் குறித்த அளவுக்கும் நாட்களுக்கும் மேற் கொடுத்தலாகாது. கம்பிவலைத் தளத்தில் வளரும் குஞ்சுகள் எச்சத்திலுள்ள பற்றீரியா ஆக்கும் விற்றமினையும் பெறா. அவற்றின் தீனியில் விற்றமின் கே கலந்திருத்தல் அவசியம். பசிய இலைகளும் நன்று.

எலி இரையைப் பிற பிராணிகளும் குழந்தைகளும் எட்டாத மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்; இறந்த எலிகளை ஆழப் புதைக்க வேண்டும். நாய் இரையை உண்டதாக ஐயமெழுந்தால், குருதி கசியும்வரை காத்திராது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க. மாற்று மருந்து விற்றமின் கே1 ஆகும். கோழித்தீனியிற் கலக்கும் கே3 அதற்கு ஈடாகாது. நஞ்சு உடலில் தங்கும் காலம் முழுவதும் கே1 தேவைப்படுமாதலின், நாய் தேறியதுபோற் தோன்றினும் வைத்தியர் சொல்லும் நாள்வரை அதனை நிறுத்தற்க.